கடைசி நிமிடச் சாட்சியும் கண்டென்சர் மோட்டாரும்

கேள்வி: ஐயா, கோபிசெட்டிபாளையத்தில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒரு நாவல் படித்துவிட்டுக் கூடிப் பேசுகிறோம். இந்த மாதம் தமிழில் வந்த ஓர் அமெரிக்க நீதிமன்ற நாவல். சின்ன ஊர், கொலை வழக்கு, இளம் வக்கீல். தீர்ப்புக்கு முந்தின நாள் எங்கிருந்தோ ஒரு சாட்சி வந்து கூண்டேற, கட்சிக்காரர் விடுதலையாகிறார். கடைசிப் பக்கத்தில் "நான்தான் செய்தேன்" என்று அவரே வக்கீலிடம் சொல்கிறார். என் மகள் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, பிளஸ் டூ முடித்ததும் சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுதியவர் விஷயத்தை ஒளித்துவைத்து ஏமாற்றிவிட்டார் என்கிறார். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் அண்ணன், பாதியிலேயே சந்தேகம் வந்தும் அந்த வக்கீல் வாதாடியது பாவம் என்று கோபப்படுகிறார். என் பெரியப்பா நாற்பதாம் பக்கத்திலேயே மூடிவைத்துவிட்டு, "கோர்ட்டுன்னா இப்பிடியா இருக்குது?" என்றார். கைகலப்பு ஒன்றுதான் பாக்கி. தினமும் கோர்ட்டில் நிற்பவர் நீங்கள். யார் சொல்வது சரி?

பதில்:

அம்மணி, முதலில் உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் பேரில் பவானியிலோ கோபியிலோ ஒரு பாகப்பிரிவினை வழக்கு ஓடிக்கொண்டிருக்கும், இல்லையென்றால் ஓடி ஓய்ந்திருக்கும். நாற்பதாம் பக்கத்தில் கோர்ட் நாவலை மூடுகிறவர் அனேகமாக வாய்தாவுக்கு நடந்தவராகத்தான் இருப்பார்.

நாவலின் பெயரை நானும் சொல்லப்போவதில்லை. முடிவைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, படிக்காதவர்கள் சாபம் விடுவார்கள். உயர் நீதிமன்ற வேலையாகச் சென்னைக்குப் போனபோது ஏற்காடு எக்ஸ்பிரஸில் படித்தேன். ஜோலார்பேட்டை தாண்டியும் விளக்கை அணைக்கவில்லை. மேல் படுக்கைக்காரர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அதனால் உங்கள் மகள் ஒரே ராத்திரியில் முடித்ததில் எனக்கு ஆச்சரியம் ஏதுமில்லை.

சரி, அந்தக் கடைசி நிமிடச் சாட்சிக்கு வருவோம்.

எனக்கும் அப்படி ஒரு நாவல் நாள் வந்தது, பல வருஷத்துக்கு முந்தி. கீழ்பவானி வாய்க்கால் பாயும் பகுதியில் ஒரு வரப்புத் தகராறு, ஒருவர் இறந்துவிட்டார். நான் எதிரி தரப்பு. (குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் கோர்ட் பாஷையில் 'எதிரி' என்று பெயர். யாருக்கு எதிரி என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.) கண்ணால் பார்த்த ஒரே சாட்சி பக்கத்துத் தோட்டத்துக்காரர், எழுபதை நெருங்கிய பெரியவர். ராத்திரி 11 மணிக்கு மோட்டார் போட்டு மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன், சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன் என்பது அவர் வாக்குமூலம். தோட்டத்து லைனுக்கு மூன்று பேஸ் கரண்ட் முறை வைத்துத்தான் வரும் என்பது நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். விசாரித்ததில், அந்த வாரம் அந்த லைனுக்கு ராத்திரி முறையே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. துணை மின்நிலையத்தின் லாக் புத்தகத்தை வரவழைக்க மனுப் போட்டு, அதற்கு எதிருரை, வாதம், உத்தரவு என்று புத்தகம் கோர்ட்டுக்கு வந்து சேர மூன்று மாதம் ஆயிற்று.

குறுக்கு விசாரணை.

"பதினொரு மணிக்கு மோட்டார் ஓடுச்சுங்களா?"

"ஓடுச்சுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஓடுச்சுங்க."

"அன்னிக்கு ராத்திரி மூணு பேஸ் கரண்டே இல்லைன்னு இந்தப் புஸ்தகத்துல இருக்குது. அப்ப மோட்டார் எப்படி ஓடும்?"

பெரியவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேசவில்லை. நாவலில் அத்தியாயம் இந்த இடத்தில் முடிந்திருக்கும். எங்கள் கோர்ட்டில் நடந்தது என்னவென்றால், நீதிபதி தட்டச்சரைப் பார்த்து, "சம்பவத்தன்று இரவு மும்முனை மின்சாரம் இல்லை என்று லாக் புத்தகத்தில் உள்ளது என்றால் சரிதான்" என்று நிதானமாகச் சொன்னார். தட்டச்சர் பாதியில் நிறுத்தி, "மும்முனைங்களா ஐயா?" என்று கேட்டார். பின்வரிசையில் யாருடைய செல்போனோ அடித்தது, டவாலி அவரை வெளியே துரத்தினார். இவ்வளவுதான் என் கிளைமாக்ஸுக்குக் கிடைத்த பின்னணி இசை. இருந்தாலும் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அரசு வக்கீல் எழுந்தார். குறுக்கு விசாரணையில் வந்த விஷயத்துக்கு விளக்கம் கேட்க, மறு விசாரணை என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "மூணு பேஸ் இல்லாம மோட்டார் எப்படிங்க ஓடுச்சு?"

"ரெண்டு பேஸ் இருந்துச்சுங்க. கண்டென்சர் போட்டு ஓட்டுனனுங்க. எங்கூர்ல எல்லாருமே அப்படித்தானுங்க ஓட்டறோம்."

நீதிபதி சிரித்துவிட்டார். அவரும் தோட்டத்துக் குடும்பம் போலிருக்கிறது. எங்கள் அப்பாரு கிணற்று மோட்டார் ரூமிலேயே அந்தக் கண்டென்சர் பெட்டி சுவரில் தொங்கியது, அதைத் தொடாதே என்று நான் அடி வாங்கியிருக்கிறேன். கறுப்புக் கோட்டு போட்டதும் அது மறந்துபோயிருக்கிறது.

இதில் உங்கள் தலைமையாசிரியருக்கான பதிலும் இருக்கிறது. நான் லாக் புத்தகத்துக்கு மனுப் போட்ட அன்றே, நான் எந்தப் பக்கம் வருகிறேன் என்பது அரசு வக்கீலுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதம் அவர் சும்மா இருந்திருப்பாரா? பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் உட்காரும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். எங்கள் இருவரில் திகில் நாவல் எழுதத் தகுந்தவர் அவர்தான்.

நம் குற்றவியல் விசாரணையில் அரசுத் தரப்பு எதையும் மடியில் கட்டிக்கொண்டு வர முடியாது. எஃப்.ஐ.ஆர்., சாட்சிகள் போலீஸில் சொன்னது, மகஜர்கள், அவர்கள் நம்பியிருக்கும் மற்ற ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் விசாரணை தொடங்கும் முன்பே எதிரிக்கு இலவசமாக நகல் கொடுக்க வேண்டும். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் அது 207ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதிய சட்டத்தில் 230. புதுச் சாட்சியை எந்தக் கட்டத்திலும் அழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதற்கும் மனு, ஆட்சேபணை, உத்தரவு எல்லாம் வேண்டும். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து கூண்டேற முடியாது. அமெரிக்காவிலேயே, எதிரிக்குச் சாதகமான ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் 1963இல் சொல்லிவிட்டது. நாவலில் அந்தச் சாட்சியைப் போலீஸ் முதலிலிருந்தே தெரிந்துவைத்து மறைத்தது என்று 30 பக்கம் கழித்துத்தான் வருகிறது. கதையின் உண்மையான குற்றமே அதுதான், எழுதியவர் அதை ஒரே பத்தியில் தாண்டிப் போகிறார். தலைமையாசிரியர் ஏமாந்ததாக நினைத்த இடம் சரி, காரணம்தான் வேறு.

சொல்ல மறந்துவிட்டேன், என் கட்சிக்காரர் விடுதலையானார். மோட்டாரால் அல்ல. எஃப்.ஐ.ஆர். ராத்திரி 12.30க்குப் பதிவானதாக எழுதியிருந்தது. 6 கிலோமீட்டர் தள்ளியிருந்த மாஜிஸ்திரேட்டிடம் அது போய்ச் சேர்ந்தது பொழுதோட 5 மணிக்கு. தேதி முத்திரைக்குக் கீழே மாஜிஸ்திரேட் தன் கையால் நேரத்தை எழுதியிருந்தார். நடுவில் இருந்த பதினாறரை மணி நேரத்தில் எஃப்.ஐ.ஆரில் எந்தெந்தப் பெயர் ஏறியது என்ற கேள்விக்குக் கடைசி வரை ஒழுங்கான பதில் வரவில்லை. நீலமையில் எழுதிய இரண்டு எண், ஒரு புள்ளி. எந்த நாவலாசிரியர் இதை வைத்துக் கிளைமாக்ஸ் எழுதுவார்?

பெரியப்பாவை உறுத்தியதற்கு இன்னொரு காரணம் ஜூரியாக இருக்கும். நாவல் வக்கீல் பேசுவதெல்லாம் நீதிபதியிடம் அல்ல, பெட்டியில் உட்கார்ந்து, குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் 12 பொதுஜனங்களிடம். அதனால்தான் அவ்வளவு நடிப்பு. நம்மிடமும் ஜூரி இருந்தது. 1944இல் சென்னையில் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டனை பெற்றது ஜூரி முன்னால்தான். அதே வழக்கில் நம் கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டுடியோ ஸ்ரீராமுலு நாயுடுவும் எதிரிகளில் ஒருவர், அவரை ஜூரி விடுவித்தது. மற்ற இருவரும் அந்நாளில் மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல்தான் வெளியே வந்தார்கள். பிறகு பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் கொலை வழக்கு. 8 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் ஜூரி நிரபராதி என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே தண்டனை, 1961இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 1973ஆம் ஆண்டுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே வைக்கவில்லை. இன்று எங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரே நீதிபதி, அதுவும் தலையைக் குனிந்து குறிப்பு எழுதிக்கொண்டிருப்பவர். அவரிடம் குரலை ஏற்றி இறக்கிப் பேசினால், "விஷயத்துக்கு வாங்க வக்கீல் சார்" என்பார்.

கடைசிப் பக்கத்துத் திருப்பமும் அங்கேயே செல்லுபடியாகும் சரக்கு. அமெரிக்காவில் ஜூரி விடுதலை என்று சொல்லிவிட்டால் அரசு மேல்முறையீடு செய்ய முடியாது, அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கவும் முடியாது. அதனால் நாவல் கட்சிக்காரர் துணிந்து "நான்தான்" என்கிறார். இங்கே விடுதலையை எதிர்த்து அரசு மேல்முறையீடு போகலாம். 2009 கடைசியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவரின் குடும்பமும் போகலாம். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று சாட்சியச் சட்டம் இருக்கிறது, வழக்கு முடிந்த பிறகும் அது பொருந்தும். இருந்தும் நம்மூர்க் கட்சிக்காரர் அந்த வசனத்தைப் பேசவே மாட்டார். வக்கீலிடமும் வைத்தியரிடமும் பொய் சொல்லாதே என்பார்கள். என்னிடம் உண்மையை முழுதாகச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மண்டிக்கார அண்ணனிடம் ஒன்று கேளுங்கள். மூட்டை கொண்டுவந்தவர் "முதல்தரச் சரக்குங்க" என்று சொன்னார் என்பதற்காக மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் விலை போடுவாரா? போலீஸ் கட்டித் தைத்துக் கொண்டுவரும் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதுதான் எங்கள் வேலை. உள்ளே நல்ல மஞ்சள் இருந்தால் அது விலைபோகத்தான் போகிறது. எதிரி குற்றவாளி என்று தன் மனதில் பட்டாலும் அவருக்காக வாதாட வேண்டும் என்று பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது. இந்த விஷயத்தில் 2010இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகப் பேசிய வழக்கு நம் கோயமுத்தூரிலிருந்து போனதுதான். வக்கீல்களுக்கும் போலீஸுக்கும் தகராறாகி, வழக்கில் சிக்கிய போலீஸ்காரர்களுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது, யாராக இருந்தாலும் வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அதற்காக அண்ணன் கோபமே தப்பு என்று சொல்ல மாட்டேன். பொய் என்று தெரிந்த சாட்சியை நான் கூண்டில் ஏற்றக் கூடாது, அது கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றும் தூக்கம் வராத ராத்திரிகள் எனக்கு இருந்திருக்கின்றன.

இதுவரை நாவலின் ஓட்டைகளாகவே சொல்லிவிட்டேன். ஆனால் நடுவில் ஓர் அத்தியாயம் வருகிறதே, பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் பெண் சாட்சி சொல்லும் இடம். நீங்கள் யாருமே அதைப் பற்றி எழுதவில்லை. கேள்வி வந்ததும் அவள் வக்கீலைப் பார்க்கவில்லை, நீதிபதியைப் பார்க்கவில்லை, பார்வையாளர் வரிசையில் மூன்றாவதாக உட்கார்ந்திருக்கும் ஆளைப் பார்க்கிறாள். பிறகு "எனக்கு ஞாபகம் இல்லை" என்கிறாள். ரயிலில் அந்த இடத்தில் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பார்வையை நான் ஈரோட்டில் பார்த்திருக்கிறேன், பெருந்துறையில் பார்த்திருக்கிறேன். சாட்சியும் எதிரியும் ஒரே குலதெய்வக் கோயில், ஒரே பால் சொசைட்டி, ஒருத்தர் வீட்டுச் சீருக்கு இன்னொருத்தர் ஒறம்பரை. வாய்தாவுக்கு வாய்தா தள்ளிப்போகும் அந்த இரண்டு மூன்று வருஷத்தில் யார் யார் அவர் வீட்டுத் திண்ணைக்கு வந்து போனார்கள் என்பது எந்த ஆவணத்திலும் இருக்காது. திகில் என்று ஒன்று இருந்தால் அது அந்தத் திண்ணையில்தான். கூண்டில் ஏறும்போது அது முடிந்துபோன கதை.

2015இல் திருச்செங்கோடு மலைக்கோயிலுக்குப் போன பொறியியல் பட்டதாரி இளைஞர் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். உங்களுக்கு நினைவிருக்கும். வழக்கை நாமக்கல்லில் வைத்து நடத்த முடியாமல் மதுரைக்கு மாற்றினார்கள். முக்கியமான சாட்சி பிறழ்ந்துவிட்டார், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிவிட்டார். அங்கேயே வழக்கு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தோம். கோயில் கேமராவில் பதிவான காட்சிகளும் மற்றச் சூழ்நிலைச் சாட்சியங்களும் நின்றன. 2022 மார்ச்சில் 10 பேருக்கு ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றமே அந்தச் சாட்சியை மறுபடி அழைத்து விசாரித்தது, அப்போதும் அவர் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் நீதிபதிகள் இருவரும் மலைக்கோயிலுக்கே வந்து, கேமரா இருந்த இடத்தையும் வழியையும் நேரில் பார்த்தார்கள். அந்த ஜூனில் தீர்ப்பைப் பெரும்பாலும் உறுதிசெய்தார்கள். நாவலில் இப்படி எழுதியிருந்தால் உங்கள் தலைமையாசிரியர் நம்பியிருக்க மாட்டார். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2025 மே மாதம் கோவை மகிளா நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தபோது, ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை என்று அரசு வக்கீல் வெளியே வந்து சொன்னார். தண்டனையைவிட அந்த ஒரு வரியைத்தான் நாங்கள் பார் ரூமில் திரும்பத் திரும்பப் பேசினோம்.

மகள் விஷயம். நாவலைப் படித்துவிட்டுச் சட்டம் படிக்க வந்தவர்கள் நிறையப் பேர், அதில் தப்பில்லை. பிளஸ் டூவுக்குப் பிறகு ஐந்து வருஷப் படிப்பு. கோவையிலும் சேலத்திலும் நாமக்கல்லிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. முடித்து, பார் கவுன்சிலில் பதிந்து, அகில இந்தியத் தேர்வு எழுதி, ஒரு சீனியரிடம் சேர்ந்த முதல் இரண்டு மூன்று வருஷம் கையில் காசு நிற்காது. இதை அவள் அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யலாம். உங்கள் ஊரிலேயே கூடுதல் மாவட்ட அமர்வு நீதிமன்றம் இருக்கிறது. மூடிய அறையில் நடக்க வேண்டிய வழக்குகள் தவிர, மற்றவற்றில் பொதுமக்கள் போய் உட்காரலாம், அது சட்டம். பள்ளி விடுமுறையாகவும் கோர்ட் வேலை நாளாகவும் இருக்கிற ஒரு நாளைப் பாருங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் அன்றைய வழக்குப் பட்டியல் முதல் நாளே தெரியும். எதில் சாட்சி விசாரணை என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 10.30க்குக் கூப்பாடு தொடங்கும், அது முடிந்து சாட்சி ஏற 11.30க்கு மேல் ஆகும். செல்போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காரச் சொல்லுங்கள். வக்கீலைப் பார்க்க வேண்டாம், கேள்வி வந்ததும் சாட்சியின் கண் எங்கே போகிறது என்று மட்டும் பார்க்கட்டும். பாதி நாள் வாய்தாவிலேயே போய், ஒரு சாட்சியும் வராமல் போனாலும் போகட்டும், அதையும் பார்த்துவைக்கட்டும்.

பெரியப்பாவைத் துணைக்கு அனுப்புங்கள். எந்தக் கோர்ட் எந்தக் கட்டடத்தில், எந்தக் கடையில் டீ குடிக்கலாம் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.